அடுப்படியில் நிற்கிற அரைமணி நேரம்

"உங்களுக்கென்னங்க, வயல் வேலையே உடற்பயிற்சி. நாங்கதான் இங்க உட்கார்ந்தே வீணாப் போறோம்."

மாசா மாசம் அரிசி கொண்டுவந்து இறக்கும்போது மயிலாப்பூர், தி.நகர், அடையாறுன்னு எந்த வீட்டுப் படி ஏறினாலும் எனக்குக் கிடைக்கிற வாக்கியம் இது. கூடவே கையில் ஒரு டம்ளர் காபி. நல்ல மனசோடதான் சொல்றாங்க, அதுல சந்தேகமில்லை. ஆனா கேட்டுக் கேட்டு இந்த வாக்கியத்து மேலயே எனக்கு ஒரு கோபம் வந்திருச்சு. இன்னிக்கு அதைக் கொட்டிடப் போறேன். அரிசி வாங்குறவங்க கோவிச்சுக்காம படிங்க.

முதல்ல ஒண்ணு. வயல் வேலை உடற்பயிற்சி கிடையாது. நடவு நடுற பொம்பளைங்க பகல் பூரா இடுப்பை வளைச்சுச் சேத்துல பின்னாடியே நகர்ந்து போறாங்க. சாயங்காலம் கரையேறினதும் நேரா நிமிர முடியாம கொஞ்ச நேரம் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. இருபது வருஷம் மண்வெட்டி பிடிச்ச எனக்கு வலது தோள் ஒரு மாதிரி, இடது தோள் ஒரு மாதிரி. வயல் தனக்கு வேண்டியதை நம்ம உடம்புலேருந்து எடுத்துக்கும். உடம்புக்கு வேண்டியதை அது திருப்பிக் கொடுக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்கலை.

ரெண்டாவது, அந்த வேலையும் இப்ப முன்ன மாதிரி இல்லை. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின், வயலுக்குப் போக டூவீலர். பத்து மணிக்குள்ள டீக்கடையில ரெண்டு டீ, ஒரு வடை. பலன் என்னன்னு கணக்கு எடுத்திருக்காங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக, உங்க கோபாலபுரத்தில் இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9 சதவீதம். பார்த்தீங்களா, கிராமம் பரவாயில்லைன்னு சொல்வீங்க. அடுத்த வரியையும் படிக்கணும். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் நகரத்திலும் கிராமத்திலும் ஏறக்குறைய சமம், இரண்டு பக்கமும் 15 சதவீதத்துக்கு மேல். அதாவது நாங்களும் உங்க பின்னாடி அதே வரிசையிலதான் நிக்கிறோம். அதனால "உங்களுக்கென்ன"ங்கிறதை முதல்ல விட்டுடுங்க. கிராமத்துக்காரன் உடம்பைக் காட்டி உங்க சோம்பலுக்குச் சமாதானம் தேடாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

மயிலாப்பூரில் என் அக்கா வீடு இருக்கு. அரிசி கொண்டுவர்ற மாசமெல்லாம் மூணு நாள் அங்கதான் தங்கல். போன வருஷம் ஒரு தடவை பத்து நாள் தங்க வேண்டி வந்தது. மூணு நாள் விருந்தாளியாத் தங்கினா ஒண்ணும் தெரியாது. பத்து நாள் தங்கினா வீடு தெரிஞ்சிடும்.

காலையில் 5.15-க்கு அத்தைக்கு, அதாவது அக்காவோட மாமியாருக்கு, முதல் காபி. 5.45-க்கு அத்தானுக்கு. அதைக் குடிச்சுட்டு அவர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடக்கப் போவார். திரும்பி வந்ததும் 7.15-க்கு ஒண்ணு. 8.30-க்கு டிபன் முடிஞ்சு எல்லாருக்கும் ஒரு ரவுண்டு. 11 மணிக்கு அத்தைக்கும் வேலை செய்யற அம்மாவுக்கும். 3.30-க்கு ஒண்ணு. ஆபீஸிலிருந்து அத்தான், காலேஜிலிருந்து பாப்பா வந்ததும் 5.30-க்கு ஒண்ணு. மொத்தம் ஏழு ரவுண்டு. அந்தப் பத்து நாளும் அதுல என் பங்கும் உண்டு, மறைக்கலை.

இந்த ஏழு ரவுண்டுக்கும் அடுப்படியில் நின்னது ஒரே ஆள். பால் காய்ச்சணும், பொங்காமப் பார்க்கணும், டிகாக்‌ஷன் இறங்கலைன்னா பில்டரைத் தட்டணும், டம்ளர் டபரா கழுவணும். ஒரு ரவுண்டுக்குப் பத்து நிமிஷம்னு வச்சாலும் எழுபது நிமிஷம். அத்தான் பூங்காவில் நடக்கிறதே நாற்பது நிமிஷம்தான்.

அந்தப் பூங்காவுக்கு நானும் ரெண்டு நாள் போனேன். நல்ல மரங்கள், நல்ல நடைபாதை. பெண்களும் வர்றாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா காலை ஆறு மணிக்கு அங்க நடக்கிற ஆம்பளைங்கள்ல எத்தனை பேர் வீட்டில் அதே ஆறு மணிக்கு ஒருத்தி அடுப்பு முன்னாடி நிக்கிறான்னு நடந்துக்கிட்டே யோசிச்சேன். "நீ ஏன்க்கா வாக்கிங் போறதில்ல?"ன்னு கேட்டேன். "எனக்கு எங்கடா நேரம்?"னா.

நேரம் இல்லைங்கிறது பொய்யில்லை. நேரம் எங்க போச்சுன்னு நான் மேலே எழுதிட்டேன்.

அக்காவுக்கு வயசு 47. மூச்சு வாங்குது, மாடி ஏறினா கண்ணு இருட்டுதுன்னு ரத்தம் பார்த்தப்ப ஹீமோகுளோபின் 9.1. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து நாலு மாசம் ஆச்சு. ஏறவே இல்லை. பத்து நாளில் எட்டாவது நாள்தான் நான் கவனிச்சேன். டிபன் முடிஞ்சு எல்லாருக்கும் காபி கொடுத்துட்டு, மிச்சம் இருந்த ரெண்டாம் டிகாக்‌ஷன் காபியில் அந்த மாத்திரையைப் போட்டு முழுங்கினா. நாலு மாசமா அப்படித்தானாம். காபியோடு சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரோ, இவ மறந்தாளோ, தெரியாது.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம். அவற்றில் இருக்கிற டானின் போன்ற பொருள்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை உடம்பில் சேரவிடாது. காபி, டீயில் பொதுவாக இருக்கிற விவரம் இது. தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். அதற்குக் காரணம் காபி மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், அது அபாண்டம். ஆனால் பாதிப் பெண்களுக்கு ரத்தம் போதாத ஊரில், "டிபன் காபி" என்று இரண்டையும் சேர்த்தே ஒரு சொல்லாக்கி வைத்திருக்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

காஃபீன் கணக்கையும் பார்ப்போம். அதே வழிகாட்டி சொல்கிற உச்ச அளவு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்குமாம். சின்ன டம்ளர், நிறையப் பால், சிக்கரி கலந்த தூள் என்று தாராளமாகக் குறைத்து ஒரு டம்ளருக்கு 60 என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஐந்து டம்ளரில் 300 வந்துவிடும். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன், 40 கிராம். சேர்க்கிற சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபியிலேயே அதைத் தாண்டியாச்சு. இனிப்பைத் தொடுறதே இல்லைங்கன்னு பெருமையாச் சொல்றவங்க இதைக் கணக்குல சேர்க்கிறதே இல்லை.

"காபி குடிச்சாத்தான் தெம்பு வருது"ன்னு சொல்வீங்க. இதை ஒரு விவசாயிகிட்ட சொல்லாதீங்க. வட்டிக்கு வாங்குற பணத்துக்கும் சொந்தப் பணத்துக்கும் வித்தியாசம் எங்களுக்குத் தெரியும். முழிச்சிருக்கிற நேரம் ஏற ஏற மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் நமக்குக் களைப்பைச் சொல்கிற மணி. காஃபீன் போய் அந்த மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். களைப்பு தீரவில்லை, சத்தம் மட்டும் நின்றிருக்கிறது. குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 5.30-க்குக் குடித்த டம்ளரில் பாதி, ராத்திரி 10.30-க்குப் படுக்கும்போதும் உள்ளேதான் இருக்கு. தூக்கம் கெடும். கெட்ட தூக்கத்துக்குக் காலையில் 5.15-க்கு மறுபடி கடன். அசல் அப்படியே நிக்குது, தினமும் வட்டி மட்டும் கட்டிக்கிட்டிருக்கீங்க.

அடுத்து, "காபி எங்க பாரம்பரியம்." இதைக் கேட்டாத்தான் சிரிப்பு வருது. ஆ. இரா. வேங்கடாசலபதி இதுக்குன்னே எழுதின கட்டுரைக்கு வச்ச தலைப்பு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் காபி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது. வந்த புதிதில் இது ஒரு கெட்ட பழக்கம் என்று திட்டியவர்கள் ஏராளம். அதுக்கு முன்னாடி உங்க கொள்ளுப்பாட்டி வீட்டிலும் எங்க கொள்ளுப்பாட்டி வீட்டிலும் காலையில் குடிச்சது நீராகாரம். பிறகு காபி கௌரவமாச்சு, நீராகாரம் ஏழைப்பட்டதாச்சு. நாலு தலைமுறைக்குள்ள வந்த பழக்கம் இது. வந்த வழியிலேயே போகவும் செய்யும்.

காபி விஷம்னு நான் சொல்லலை. அளவாக் குடிக்கிறவங்களுக்குக் கெடுதல் இல்லை, சில நன்மைகூட உண்டுன்னு ஆய்வுகள் இருக்கு. என் சண்டை முதல் டம்ளரோட இல்லை. மூணாவதுலேருந்து ஏழாவது வரைக்கும் உள்ளதோட. அதை யாரும் ருசிச்சுக் குடிக்கிறதில்லை. கை நீளுது, டம்ளர் வருது, பேப்பரைப் பார்த்துக்கிட்டே உள்ள போகுது.

ஒன்பதாம் நாள் காலையில் நான் ஒரு வேலை செஞ்சேன். "அக்கா, இனிமே என் காபியை நானே போட்டுக்கிறேன்"னேன். அவ சிரிச்சா. பாப்பா சும்மா இல்லை. "மாமா சொல்றது சரிதான். குடிக்கிறவங்க போட்டுக்கணும். இனி இதான் ரூல்"னு பிரிட்ஜ் மேல ஒரு பேப்பரே ஒட்டிட்டா. அத்தைக்கு மட்டும் விலக்கு, அவங்களுக்கு 78 வயசு. அத்தானுக்கு முகம் சுண்டிப்போச்சு. ரெண்டு நாள் போட்டார். மூணாம் நாள் 3.30 காபி தானா நின்னுபோச்சு. அடுத்த வாரம் 7.15-உம் போச்சு. எழுந்து போய்ப் பால் காய்ச்சிக் குடிக்கிற அளவுக்கு அந்தக் காபி தேவைப்படலை. அதுவரைக்கும் தேவைப்பட்ட மாதிரி இருந்ததுக்குக் காரணம், வேற ஒருத்தர் நின்னு போட்டதுதான். ஒரு மாசத்தில் ஏழு ரவுண்டு ரெண்டாச்சு.

காபியைக் குறைக்க நூறு வழி எழுதியிருப்பாங்க. எனக்குத் தெரிஞ்சு இதுதான் நிஜமான வழி: குடிக்கிறவங்களே போட்டுக்கணும், டபராவையும் கழுவணும். ஊர்ல என் வீட்டிலும் இப்ப இதே சட்டம்தான். டீ போடத் தெரியாமலே நாற்பது வயசைத் தாண்டினவன் நான். அந்த வெட்கத்தோடதான் இதை எழுதுறேன்.

செய்முறை ரெண்டு வரி. ஒரே நாளில் நிறுத்தாதீங்க. நிறுத்தினா 12-லேருந்து 24 மணி நேரத்துக்குள்ள தலைவலி ஆரம்பிக்கும், முதல் ரெண்டு நாள் உச்சம், ஒரு வாரம் வரைக்கும் இழுக்கலாம். நான் அப்படித்தான் முட்டாள்தனமா நிறுத்தினேன். ரெண்டாம் நாள் நெத்தி முழுக்க அமிர்தாஞ்சனம். அதை உண்டாக்கின நாகேஸ்வர ராவ் பேர்லதான் அந்தப் பூங்காவே இருக்குங்கிறது எனக்குப் பிறகுதான் தெரிஞ்சுது. சரியான வழி, நாலைந்து நாளுக்கு ஒரு டம்ளரா, சாயங்காலத்திலிருந்து பின்னோக்கிக் குறைச்சுக்கிட்டு வர்றது. இன்னொண்ணு, சிக்கரியில் காஃபீன் கிடையாது. அதனால் காபிப் பொடிக் கடையில் 80-க்கு 20 வாங்குறவங்க அடுத்த தடவை 70-க்கு 30, அப்புறம் 60-க்கு 40-னு கேட்டு வாங்கினா, நாக்குக்கு அவ்வளவாத் தெரியாமலே அளவு இறங்கும்.

சரி, மிச்சமான அந்த நேரம்? அதுதான் இந்தப் பதிவோட மையமே. அது மறுபடி துணி மடிக்கவும் காய் நறுக்கவும் போயிட்டா ஒரு பிரயோஜனமும் இல்லை.

உடற்பயிற்சின்னாலே ஏதாவது வாங்கணும்னு இந்த நகரம் நினைக்குது. தி.நகரில் நான் அரிசி போடுற ஒரு வீட்டில் டிரெட்மில் இருக்கு. நான் பார்த்த வரைக்கும் அதுல துண்டு காயாத நாள் இல்லை. அடையாறில் ஒருத்தர் ஜிம்முக்கு வருஷச் சந்தா கட்டிட்டு, போன நாள்களை விரல்விட்டு எண்ணலாம்னு அவரே சொன்னார். காசு கட்டினதும் பாதி பயிற்சி முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி.

உங்க வீட்டுத் தரை போதும். மந்தைவெளிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பி.கே.எஸ். ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் ஆசிரியரான திருமலை கிருஷ்ணமாச்சாரியா, 1950-களில் மெட்ராஸுக்கு வந்தவர், 1989-இல் நூறு வயசுல மறையும்வரை இந்த ஊரில்தான் இருந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கின யோக மந்திரம் மந்தைவெளியில்தான் இருக்கு. அவங்க வழியோட சாரமே, ஆளுக்கும் வயசுக்கும் உடம்புக்கும் ஏத்த மாதிரி பயிற்சியை மாத்திக்கணும்ங்கிறது. உலகமே இந்தத் தெருக்கள்லேருந்து கத்துக்கிட்டுப் போச்சு. இந்தத் தெருவில் இருக்கிற நம்ம அக்காவுக்குத்தான் நேரமில்லை.

யோகா வேண்டாமா, பாட்டைப் போடுங்க. அதே கோபாலபுரம் ஆராய்ச்சிக்காரங்க, வளரிளம் பெண்களுக்காகப் பத்து நிமிஷ நடனப் பயிற்சி ஒண்ணை உருவாக்கியிருக்காங்க, பேரு 'தாண்டவ்'. வீட்டுக்குள்ளயே ஆடலாம். பூங்காவும் வேண்டாம், யார் பார்வையும் மேல படாது.

அக்கா வீட்டில் இப்ப நடக்கிறது இது. காலை 6 மணிக்கு ஹாலில் பாய் விரிச்சாச்சு. நாற்காலியில் கை ஊன்றாம உட்கார்ந்து எழுந்திருக்கிறது பத்து தடவை. முட்டி ஒத்துழைச்சா தோப்புக்கரணம். சுவத்துல ரெண்டு கையையும் ஊன்றி தண்டால் பத்து. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குறது பத்து. இதையே ரெண்டு சுத்து. அப்புறம் பத்து நிமிஷம் பாட்டுப் போட்டு ஆட்டம், இல்லாட்டி மாடிப்படி. மொத்தம் அரைமணி. வாரத்துக்கு அஞ்சு நாள்னா 150 நிமிஷம். பெரியவங்களுக்கு வாரம் குறைஞ்சது 150 நிமிஷ மிதமான பயிற்சியும், ரெண்டு நாளாவது தசையை வலுவாக்குற பயிற்சியும் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்குக்கு இது பொருந்தும். இதய நோய், ரத்த அழுத்தம், முட்டி வலி இருக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுட்டுத் தொடங்குங்க. அக்காவும் கேட்டுட்டுத்தான், ரெண்டு மாசம் கழிச்சு ஆரம்பிச்சா. முதல் வாரம் அஞ்சு தடவை எழுந்திருக்கவே மூச்சு வாங்குச்சு.

மாத்திரையை இப்ப எலுமிச்சைச் சாறோட சாப்பிடுறா. போன தடவை பார்த்தப்ப ஹீமோகுளோபின் 11.2. இதுல காபியை நகர்த்தினது எவ்வளவு, மருந்து எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல நான் டாக்டர் இல்லை. மாடியை நிக்காம ஏறுறா, அதை மட்டும் பார்த்தேன். அத்தானும் பாயில் உட்கார்றார். பூங்காவை விடலை, வாரத்துல ரெண்டு நாள் அக்காவையும் கூட்டிட்டுப் போறார். அத்தை மட்டும் "இந்த வீட்டுல ஒரு வாய் காபிக்கு வழியில்ல"ன்னு போன்ல சொந்தக்காரங்ககிட்ட என்னைத் திட்டிக்கிட்டிருக்காங்க. பரவாயில்லை.

அதனால, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நாளைக்குக் காலையில் "காபி"ன்னு குரல் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அந்தக் குரல் யாரை எழுப்புதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. நீங்களே எழுந்து போய்ப் போடுங்க. அப்படியே உங்க வீட்டில் எத்தனை ரவுண்டு நடக்குதுன்னு ஒரு நாள் பென்சிலை வச்சு எழுதிப் பாருங்க.

அடுத்த மாசம் தூயமல்லி கொண்டு வர்றேன். எனக்குக் காபி வேண்டாம், ஒரு சொம்பு தண்ணி போதும். "உங்களுக்கென்ன"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.